புகைக்கூண்டில் மூன்று விரிசல்

சாணம் மெழுகி, நடுவே நான்கு இழைக் கோலம் போட்டு, மேட்டின் மூன்று குமிழ்களிலும் மஞ்சள் குங்குமம் வைத்த ஓர் அடுப்பு. என் அத்தையின் சமையலறையில் இருந்த அந்த அடுப்பை அந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை குனிந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். பார்த்த ஒவ்வொரு தடவையும், இங்கே யாரும் நெருப்பு வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கோலம் கலையவில்லை, சாம்பல் இல்லை, சாணத்தின் பச்சை கூட மாறவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கண்ணால் கண்டதைத்தான் நம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். அப்படி நம்பித்தான் ஒரு நல்ல வேலைக்காரரின் பிழைப்பைக் கெடுத்தேன்.

அவரை ஊரில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்து வேலை செய்கிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் மேஸ்திரி என்றால் அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். முழங்கை வரை சுண்ணாம்பு பட்டுத் தோல் வெளுத்துப் போயிருக்கும். காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருப்பார், அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், தெலுங்கில் ஆரம்பித்துக் கேலியில் முடிப்பார். என்னை வாத்தியாரே என்று அவர் அழைக்கும்போது அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

எங்கள் ஊர் புத்தூர்ப் பக்கம். என் ஊர் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, அது என் மாமாவின் ஊர். என் தகப்பனார், நைனா என்றுதான் கூப்பிடுவோம், வெதுருகுப்பத்துக்கு அருகே கரும்பு வெட்டியும் வெல்லம் காய்ச்சியும் எங்களை வளர்த்தவர். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அங்கே அதற்கு மேல் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லையென்று ஐந்தாம் வகுப்பில் அம்மாவின் தம்பியான மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அத்தை போட்ட சோற்றில்தான் எட்டாவது படித்தேன், புத்தூருக்குப் போய்வந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன், வாத்தியார் பயிற்சி முடித்தேன், அதே ஊர் ஆரம்பப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் வேலைக்கும் சேர்ந்தேன். அந்தக் கையால் பத்து வருஷம் தின்றவன், அவர் சொன்னதைச் சந்தேகப்படுவது எப்படி?

மாமாவின் வீடு ரயிலடிக்குத் தெற்கே இருந்தது. தண்டவாளம் போட்ட காலத்தில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீர் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. கைமாறிக் கைமாறி மாமாவின் தகப்பனாரிடம் வந்தது. சீமை வீடுகளில் இருப்பது போல, சமையலறைச் சுவரோடு சேர்த்துச் செங்கல்லில் ஒரு புகைக்கூண்டு எழுப்பியிருந்தான் அந்த இஞ்சினீர். ஓட்டுக்கூரைக்கு மேலே இரண்டு ஆள் உயரம். வடமாலபேட்டை சாலையில் வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். ஊரில் எங்களுக்கு வேறு அடையாளம் கிடையாது. நாங்கள் பொகைக்கூண்டு வூட்டுக்காரங்க.

அந்தக் கூண்டு சாய ஆரம்பித்திருந்தது. ஒரு ஐப்பசி மழையில் மேல்வரிசைச் செங்கல் ஒன்று பெயர்ந்து, ஓட்டை உடைத்துக்கொண்டு, அத்தை உட்கார்ந்து அரைக்கிற ஆட்டுக்கல்லின் பக்கத்தில் விழுந்தது. அத்தை அப்போதுதான் உப்பு எடுக்க எழுந்து போயிருந்தார். பொங்கலுக்குள் சரிசெய்துவிடலாம் என்றார் மாமா. பொங்கலுக்குள் அவர் ஜெயிலுக்குப் போய்விட்டார்.

அது எல்லைக் கலவரக் காலம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து எங்கள் ஜில்லா அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் எந்தத் தாலுகா எங்கே நிற்கும், எது சென்னைப் பக்கம் போகும் என்பது முடிவாகவில்லை. டீக்கடையில், சந்தையில், வாய்க்கால் மதகில் எல்லாம் அதுதான் பேச்சு. இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு இருக்கும் என்று காகிதம் வரும், அடுத்த வாரம் இருக்காது என்று யாராவது வந்து சொல்வார்கள். மாமா ரயில் மறியலுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். ஆனால் தமிழ் என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. பிடித்துச் சித்தூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து வேறெங்கோ மாற்றினார்கள். ஆறு மாதம் என்று சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஊர் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் இந்தக் கூண்டு எங்கள் தலைமேல்தான் விழப்போகிறது. அதை யார் பார்ப்பது? நான்தான்.

மேஸ்திரி வந்து கூரைமேல் ஏறி, சாந்து பூசும் கரணையின் பிடியால் செங்கல்லைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இறங்கி வந்து, “செங்கல்லு நல்லாத்தான் கீது வாத்தியாரே. நடுவுல இருக்கிற சாந்துதான் செத்துப் பூட்டுது. மேல பாதிய எறக்கிட்டு ஏத்தணும். உள்ள கழுத்து வரைக்கும் புதுசா பூசணும்” என்றார். அத்தையையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: “அம்மா, இது சுண்ணாம்புச் சாந்து. மெள்ளத்தான் எறுகும். மூணு வாரம் இந்த அடுப்புல பீடி நெருப்பு கூட விழக்கூடாது. சூடு பட்டுதுன்னா வெடிச்சிடும். அப்பால என்னை வந்து திட்டாதீங்க.”

“அதுக்கின்னா. வெளிய அடுப்பு வச்சிக்கறேன்” என்றார் அத்தை. அப்படியே முருங்கை மரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டார்.

வேலை நடந்த விதத்தைப் பார்த்தவர்கள் அதில் குறை சொல்ல முடியாது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். சாரம் கட்டி, மேல்பாதியை ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்த்து இறக்கி, பழைய சாந்தைச் சுரண்டி, தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் திரும்ப ஏற்றினார். வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். ஒரு நூல் தப்பினாலும் பிரித்துவிடுவார். முடித்தபின் ஈரச் சாக்குச் சுற்றி, காலை மாலை தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் தெளித்தேன். ஒருநாள் தவறவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாக்கை விலக்கிப் பார்த்தால் விரிசல். கழுத்திலிருந்து மேலே நேர்கோடாக, தலை வகிடு எடுத்தது போல. மேஸ்திரி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். “வெயிலு கொஞ்சம் ஜாஸ்திதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் பெயர்த்து மறுபடியும் கட்டினார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை பதினைந்தாம் நாள் வெடித்தது. அன்றைக்கு அவர் அடுப்புக்குள் தலையை நுழைத்து, மேலே கையை விட்டுத் துழாவி, ஒரு விரலை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இது இன்னா வாத்தியாரே?”

“கரி.”

“எப்பத்திய கரி?”

“பழைய கரியாயிருக்கும்.”

“பழைய கரி காஞ்சி உதிரும். இது ஒட்டுது பாருங்க. அதுவும் பூச்சு மேல. பூச்சே போன பட்சம் வச்சது. பழைய கரி எப்படிப் புதுப் பூச்சு மேல ஏறிக் குந்திக்கும்? யாரோ நெருப்பு வச்சிகினுகீறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் இருப்பது நானும் அத்தையும். யாரைச் சொல்கிறார் இவர்? கீழே மிச்சமிருக்கிற பழைய பாதியிலிருந்து காற்றில் எழும்பி ஈரப்பூச்சில் ஒட்டியிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். காற்று எப்படிக் கூண்டுக்குள் சுழலும், இலேசான தூசி எப்படி ஈரத்தில் படியும் என்று விளக்கவும் செய்தேன். அவர் கரிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். “பாடம் நல்லாத்தான் கீது” என்றார்.

இருந்தாலும் அத்தையிடம் கேட்டேன். “அத்தே, உள் அடுப்புல நெருப்பு வச்சீங்களா?”

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீயே போயிப் பார்றா. மெழுகிக் கோலம் போட்டு வச்சிகீறேன். கோலத்து மேலயா நெருப்பு வைப்பேன்?” என்றார். போய்ப் பார்த்தேன். கோலம் இருந்தது. அவர் இல்லையென்று சொல்லவில்லை, ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை கட்டும்போது மேஸ்திரி கேலி பேசவில்லை. மூன்று நாள் வேலையில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு ஜெயிலில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்று கார்டு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அத்தை இன்னொரு தடவை படி என்றார், படித்தேன். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நெஞ்சுறுதி என்று நினைத்தேன்.

அதன்பின் பத்து நாள்கூட ஆகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கூண்டின் மேல்பாதி விரிந்து, நான்கு செங்கல் ஓட்டைப் பொத்துக்கொண்டு சமையலறைக்குள் விழுந்தது. ஒரு சில்லு அத்தையின் புறங்கையைக் கிழித்துவிட்டது. நான் ஓடி வந்தபோது அவர் கையில் மஞ்சள்பொடி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒண்ணுமில்லடா” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்தக் கொதிப்போடு நேரே டீக்கடைக்குப் போனேன். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், ஊருக்கு வரப்போகிற ஹைஸ்கூல் கட்டடத்தை எடுத்திருந்த கண்ட்ராக்டர். அவருக்கு அவ்வப்போது நான் இங்கிலீஷில் மனு எழுதித் தருவேன், அதனால் என் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. என் முகத்தைப் பார்த்து, “ஏமி மாஸ்டாரு, இன்னா விஷயம்?” என்றார். நான் சொன்னேன். அவர், “அய்யோ, ஹைஸ்கூலுக்கு அவரையே தலைமை மேஸ்திரியா வச்சிக்கலாம்னு பேசி முடிச்சிருக்கேனே” என்றார். அந்த வேலைக்காக மேஸ்திரி மற்ற வேலைகளை எல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்து வேலை அது. தெரிந்தும், அவர் பெயரைச் சொல்லி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: “மூணு தபா கட்டினான், மூணு தபாவும் வெடிச்சிது. சுண்ணாம்புக்குப் பதிலா மண்ணைக் குழைக்கிறவன். நாளைக்குப் புள்ளைங்க உக்காரப்போற எடம். நீங்களே யோசனை பண்ணுங்க.”

மண்ணைக் குழைத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சுண்ணாம்பு அரைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன். பிள்ளைகளின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு அப்போது எவ்வளவு தெம்பாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். கூரைமேல் ஏறிப் பார்த்தார், இறங்கினார், சாரக்கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினார். வாசலைத் தாண்டும்போது அத்தையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, “பாத்துக்கோங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அந்த மாதத்துக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருத்தணிப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். பாதி ஆளாக இருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. அத்தை வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டினார். மாமா கால் கழுவி உள்ளே வந்து கூடத்தில் சாய்ந்ததும், அத்தை விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். ஏதோ கருகும் வாசனை வந்தது, பின்னாலேயே போனேன். உள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், கோலத்தின் மேலேயே, ஒரு பிடி சவுக்குக் குச்சி. மேலே சின்னச் சொம்பில் தண்ணீர். என்னைப் பார்த்தும் அவர் பதறவில்லை. எரிகிற குச்சிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து ஒரு சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, முருங்கை மரத்தடி அடுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வந்து, “இனிமே எத்தினி நாளு வேணும்னாலும் அணைஞ்சு கெடக்கட்டும். மேஸ்திரிய இட்டுகினு வா” என்றார்.

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். “தினமுமா அத்தே?”

“தினமுந்தான். நீ இஸ்கூலுக்குப் போனப்பறம். ஒரு சொம்புத் தண்ணி காயற வரைக்கும்.”

“அப்பறம் மெழுகிடுவீங்களா?”

“மெழுகாம? சாம்பலோட வுடறதா?”

நாளுக்கு ஒருமுறை மெழுகவேண்டியிருந்தது, நாளுக்கு ஒருமுறை எரித்ததால்தான். பச்சை மாறாத அந்தச் சாணம் அன்றன்றைக்குப் பூசியது. அதைத்தான் நான் சாட்சியாக வைத்துக்கொண்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அத்தையிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியந்தான் இருந்தது. “வூட்டு அடுப்பு எரியாம வெளிய பொங்கித் துன்றது எந்த வூட்ல? சாவு வூட்ல. ஆம்பளை ஜெயில்ல கெடக்கிறப்போ நான் அடுப்ப அணைச்சிப் போட்டு குந்திக்கினு இருக்கறதா? இத வாயால வேற சொல்லச் சொல்றியா? சொன்னா பலிச்சிடாது?” என்றார்.

கூடத்திலிருந்து மாமா, “அட பைத்தியக்காரி” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. அத்தை அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஓடினார். நான் யாரிடம் சண்டை போடுவது?

அன்று மாலையே கண்ட்ராக்டரைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொல்லி, மேஸ்திரி மேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டேன் என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார். “இப்ப சொல்லி ஏம் லாபம் மாஸ்டாரு? அரக்கோணத்து ஆளுங்க வந்து ஜன்னல் மட்டம் வரைக்கும் ஏத்திட்டாங்க. நீங்க சொன்னத நானும் நாலு கண்ட்ராக்டருக்குச் சொல்லிட்டேன். படிச்சவங்க சும்மா சொல்லுவாங்களா?” என்றார். குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருத்தணிக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு கொல்லையில் கிணற்றுக்கு உள்சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தால் அவர் இருபது அடி ஆழத்தில் இருந்தார். மேலே வாளி இழுக்கிற ஆட்கள் நான்கு பேர். இறங்கவும் வழியில்லை, அவர் ஏறிவருவதாகவும் இல்லை. கிணற்று விளிம்பில் குந்தி உள்ளே பார்த்துப் பேச வேண்டியதாயிற்று.

“மேஸ்திரி, தப்பு என் பேர்லதான்.”

“கேக்கல” என்று குரல் வந்தது.

“தப்பு என்னுதுன்னு சொல்றேன்.”

“தண்ணி சத்தம் வாத்தியாரே. இன்னும் கொஞ்சம் சத்தமா.”

கிணற்றில் தண்ணீரே இல்லை. வாளி இழுக்கிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் தடவை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அதன்பிறகுதான் ஏறிவந்தார். காதில் அதே பீடி.

அத்தைதான் என்று அப்போதே தெரியுமா என்று கேட்டேன். “வூட்ல இருக்கிறது ரெண்டு பேரு. நீ இஸ்கூலுக்குப் பூடற. இதுக்கு ஜோசியம் பாக்கணுமா?” என்றார். அப்படியானால் ஏன் அழுத்திச் சொல்லவில்லை? “சொன்னேனே. விரலை மூஞ்சிக்கு நேரா நீட்டினேனே. காத்து, தூசின்னு நீதான் பாடம் எடுத்த.” பிறகு கொஞ்சம் தணிந்து, “அந்தம்மாவ நேரா கேக்க முடியுமா? புருசன் ஜெயில்ல கெடக்கிறாரு. எம் பொண்டாட்டியா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பா. அஞ்சாறு மாசத்துல அவரு வந்துடுவாரு, அதுவரைக்கும் கட்டிக்கினே இருக்கலாம்னுதான் நெனைச்சேன். நீ அதுக்குள்ள டீக்கடைக்குப் பூட்ட” என்றார்.

நாலாம் தடவை கட்டித்தர வரவேண்டும் என்று கேட்டேன். காதிலிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். “வரேன். ஆனா சாந்து தூக்க ஆள் வைக்காத. நீயே தூக்கணும். சந்தை நாள்ல. ஊரே பாக்கணும்” என்றார். ஒப்புக்கொண்டேன். என் தப்பை ஊருக்குத் தெரிவிக்க அதைவிட நேரான வழி இருக்காது என்றுதான் நானும் எண்ணினேன்.

சந்தை நாளில் தலையில் சும்மாடு கட்டி, சாந்துச் சட்டியை வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன். கீழே என் வகுப்புப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், டீக்கடைக் கூட்டம். நின்று நின்று பார்த்தார்கள். என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: மேஸ்திரி வேலையில் குறையில்லை, ஆறுவதற்குள் எங்கள் வீட்டில்தான் அடுப்பை மூட்டிவிட்டோம். “யாரு மூட்டினது?” என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது? மாமா பிழைத்து வந்துவிட்டார் என்றாலும், அத்தை மனதில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லத் துணியாததைச் சந்தைக்கு நடுவில் நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொள்வேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வாத்தியார் எதையோ மறைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

நைனா அன்றைக்கு வெல்ல வண்டியோடு சந்தைக்கு வந்திருந்தார். சாரத்துக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தார். “எறங்கு” என்றார். நான் இறங்கவில்லை. அவர் மேஸ்திரியைப் பார்த்து, “இவன் சாந்து தூக்கறதுக்கா இருவது வருசம் நான் கரும்பு வெட்டினேன்?” என்று கேட்டார். “ரெண்டு நாளைக்குத்தான் பெரியவரே. அப்பால திருப்பிக் குடுத்துடறேன்” என்றார் மேஸ்திரி. நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை கூப்பிட்டும் அன்று எங்கள் வீட்டில் கை நனைக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பின்னால் நான் எவ்வளவு விளக்கியும், மூட்டை தூக்காமல் இருப்பதற்குத்தான் படிக்கவைத்தேன் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் அடுப்பு அணைந்தே கிடந்தது. முருங்கை மரத்தடியில் மாமா உட்கார்ந்து சாப்பிட்டார். சாவு வீடு சாவு வீடு என்று அத்தையைச் சீண்டிக்கொண்டே சாப்பிட்டார். கூண்டில் ஒரு மயிரிழை கீறல் விழவில்லை. இன்றைக்கும் விழவில்லை.

எல்லை தீர்ந்துவிட்டது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். மாமா அதைப்பற்றிப் பேசுவதில்லை. மேஸ்திரி வேறு ராஜ்யத்துக்காரர் ஆகிவிட்டார். எங்கள் பக்கம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதுமில்லை. கண்ட்ராக்டர்கள் நான் டீக்கடையில் சொன்னதை மறக்கவில்லை, சாரத்தில் நின்று சொன்னதை அவர்கள் காதில் வாங்கவும் இல்லை. அவர் கட்டியிருக்க வேண்டிய ஹைஸ்கூலில் நான் இப்போது வாத்தியார். தினம் அதன் படிகளில் ஏறுகிறேன். யார் கட்டினார்களோ, நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறொன்று. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் புகைக்கூண்டைக் காட்டிக் கேட்டால், “வாத்தியார் தன் கையால சாந்து சுமந்து கட்டினது” என்கிறார்கள். நான் சட்டி சுமந்ததைத்தான் கண்டார்கள், கரணை பிடித்தவரைக் காணவில்லை. நான் இல்லை, மேஸ்திரிதான் என்று ஒவ்வொரு தடவையும் மறுக்கிறேன். அடக்கம் என்கிறார்கள். போன ஆண்டு விழாவில் எங்கள் தலைமையாசிரியர், உழைப்பின் பெருமைக்கு உதாரணமாக மேடையில் என்னை எழுப்பி நிறுத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நின்றுகொண்டே இல்லையென்று தலையசைத்தேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எழுதினால்தான் இது தீரும் என்று தோன்றியது. அச்சில் அவர் பெயரைப் போட்டுவிட்டால் யாரும் மாற்ற முடியாது. போன மாதம் திருத்தணிக்குப் போய், எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அவர் ஒரு மாட்டுத்தொழுவத்துக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். கரணையில் எடுத்த சாந்தைப் போட்டுப் பரப்பி, செங்கல்லை வைத்து, பிடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

“வேணாம். என் பேர நீ ஒரு தபா சொன்னதே போதும் வாத்தியாரே” என்றார்.